இரண்டு பட்டியலிலும் இல்லாத பிள்ளை



தேயிலைத் தோட்டத்திலே பிறந்து வளர்ந்தோருக்குப் 'பேர்' என்னும் சொல் இரு பொருள் தரும். பெற்றார் இட்ட பெயர் ஒன்று. ஒரு நாள் உழைப்புக்காகச் செக்ரோலில் விழும் பேர் மற்றொன்று. என் தாயார் மாலையில் மலையிறங்கி வருகையில் அயல் லயத்தார் கேட்கும் முதற் கேள்வி, "இன்றைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" என்பதாகவே இருக்கும். கணக்கப்பிள்ளை கொழுந்தைத் தராசில் நிறுப்பார். விதித்த அளவு நிறைந்திருந்தால் முழுப் பேர். குறைந்திருந்தால் அரைப் பேர். மழை பெய்ததா, மலையில் கொழுந்து குறைவா, கைக்குழந்தைக்குப் பாலூட்டப் பிள்ளை மடுவத்துக்குப் போய்வர நேரம் சென்றதா என்பதெல்லாம் அந்த விதிக்குத் தெரியாது. நிறை ஒன்றையே அது கேட்கும். விடையை உடனே சொல்லிவிடும்.

ஆண்டுகள் பல கழிந்தபின், ஹட்டன் பகுதியில் ஓர் அரசினர் பாடசாலைக்கு அதிபராகி, காரியாலயத்து மேசைக் கணினியின் முன் அமர்ந்து தரவுத்தளம் ஒன்றைப் பழகத் தொடங்கியபோது, அந்தத் தராசை நான் மீண்டும் கண்டேன். அங்கே 'ஐ-இஃப்' என்றொரு சார்பு இருந்தது. அதனிடம் மூன்று செய்திகளைக் கொடுத்தல் வேண்டும்: ஒரு நிபந்தனை, அது நிறைவேறினால் தரவேண்டிய விடை, நிறைவேறாவிடின் தரவேண்டிய விடை. முழுப் பேர், அரைப் பேர் என்னும் பழைய கணக்கன்றி அது வேறில்லை.

தரவுத்தள மென்பொருளில் முன்கூட்டியே அமைந்திருக்கும் இத்தகைய சார்புகளைப் பாடசாலைக் காரியாலயத்தில் எவ்வாறு கையாளலாம், எங்கே அவற்றை நம்பலாம், எங்கே விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். நான் பொறியியல் கற்றவன் அல்லேன். தமிழும் சரித்திரமும் கற்பித்த கலைப் பட்டதாரி. ஆதலின் என்னைப் போன்ற அதிபர்களுக்கும், இலிகிதர்களுக்கும், இத்துறையைப் பாடமாகப் பயிலும் மாணாக்கருக்கும் விளங்கும் அளவிலேயே பேச விரும்புகின்றேன்.

தரவுத்தளம் என்பது யாது? நம் பாடசாலை அலுமாரியில் இருக்கும் சேர்வு இடாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கோடிட்ட பக்கம், மேலே தலைப்புக்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. தலைப்பின்கீழ் வரும் இடத்தைப் புலம் என்றும், பிள்ளையின் வரியைப் பதிவு என்றும், முழுப் பக்கத்தையும் அட்டவணை என்றும் கூறுவர். இத்தகைய அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையை 1970இல் எட்கர் கொட் என்னும் கணித அறிஞர் வகுத்தார். அம்முறையைத் தழுவிய மைக்ரோசொவ்ட் அக்செஸ் 1992இல் வெளிவந்தது. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒஃபிஸ் பேஸ் என்பதும் இவ்வகையினதே. இவை மேசைக் கணினிக்குள்ளேயே இருந்து பணிசெய்வன. மழைக்காலத்தில் தொலைத்தொடர்பு அறுந்துபோகும் நம் மலைகளுக்கு அது பெரிய வசதி.

இனி, சார்பு என்பது யாது? கேள்வியைக் கொடுத்தால் விடை தரும் ஆயத்த விதி அது. இன்றைய திகதியைச் சொல்லும் சார்பு ஒன்று. இரு திகதிகளுக்கு இடைப்பட்ட காலத்தைச் சொல்லும் சார்பு ஒன்று. சொல்லின் முதலெழுத்தை எடுத்துத் தரும் சார்பு ஒன்று. எண்ணிக்கை, கூட்டுத்தொகை, சராசரி ஆகியவற்றைக் கணிக்கும் சார்புகள் வேறு. நானூறு பிள்ளைகளின் வயதைக் கையால் கணிக்க எங்கள் இலிகிதருக்கு இரண்டு நாட்கள் சென்றன. சார்பு அதனைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்தது. அந்த வேகத்தில் நான் மயங்கினேன் என்பதை ஒளிக்காமற் கூறிவிடுகின்றேன்.

மயக்கம் தெளிந்த வரலாறு இது. நமது நாட்டிலே முதலாம் தரத்தில் சேரும் பிள்ளைக்கு அவ்வாண்டு ஜனவரி 31ஆம் திகதியன்று ஐந்து வயது நிறைந்திருத்தல் வேண்டும். தோட்டத்து முன்பள்ளிகளிலிருந்து வந்த பெயர்களை எல்லாம் கணினியில் ஏற்றி, 'டேட்-டிஃப்' என்னும் சார்பிடம் பிறந்த திகதிக்கும் ஜனவரி 31க்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று வினவினேன். பட்டியல் வந்தது. பெற்றாருக்குக் கடிதங்களும் போயின. ஒரு தாய் தன் சிறு மகனைப் புதுச் சட்டை அணிவித்து அழைத்து வந்தார். பிள்ளையைப் பார்த்ததுமே எனக்கு ஐயம் உண்டாயிற்று. பிறப்புச் சான்றிதழை வாங்கி விரல்விட்டு எண்ணினேன். வயது நான்கைத் தாண்டிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கணினி ஐந்து என்று சொல்லியிருந்தது.

பிழை எங்கே? சார்பு பொய் சொல்லவில்லை. ஆண்டு என்று கேட்டால், அது நிறைந்த ஆண்டுகளை எண்ணுவதில்லை. இடையிலே எத்தனை முறை புத்தாண்டு பிறந்தது என்பதையே எண்ணுகின்றது. 2020 டிசம்பர் 31க்கும் 2021 ஜனவரி 1க்கும் இடையே உள்ளது ஒரே நாள். ஆயினும் இடையிலே ஒரு புத்தாண்டு பிறந்துவிட்டதால் சார்பின் விடை ஒன்று. 2021 நவம்பர் 20இல் பிறந்த பிள்ளைக்கு 2026 ஜனவரி 31இல் நிறைந்திருப்பது நான்கு வயதும் இரண்டு மாதமும்; சார்பு சொல்வதோ ஐந்து. நான் ஒன்றை நினைத்துக் கேட்டேன். அது தனக்குத் தெரிந்த வேறொன்றுக்கு விடை கூறிற்று.

திருத்தம் எளிது. பிறந்த திகதியோடு ஐந்து ஆண்டுகளைக் கூட்டும்படி 'டேட்-அட்' என்னும் சார்பிடம் சொல்லுங்கள். வரும் திகதி ஜனவரி 31 அல்லது அதற்கு முற்பட்டதாயின் பிள்ளை தகுதியுடையது. ஆனால் அந்தத் தாய் மூன்று மைல் மலைப்பாதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிச் சென்றதை எந்தச் சார்பாலும் திருத்த முடியவில்லை. அந்த அரைநாளில் அவருக்கு ஒரு பேர் போயிருக்கும்.

இன்றைய திகதியைத் தரும் சார்பையும் கண்மூடி நம்புதல் ஆகாது. அது பொறியின் கடிகாரத்தைப் பார்த்தே விடை சொல்லும். பழைய கணினியின் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து, மின்சாரமும் நின்றுபோனால், கடிகாரம் பல்லாண்டு பின்னே போய்விடும். அன்று உங்கள் பாடசாலைப் பிள்ளைகளிற் பலர் இன்னும் பிறக்காதவராகிவிடுவர்.

இரண்டாவது அனுபவம் தமிழாசிரியன் ஒருவனுக்கு ஏற்படத்தக்கதே. நம் மக்கள் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இடுவர். கோவிந்தன் என்பவரின் மகள் மீனாட்சி, கோ. மீனாட்சி ஆவாள். தந்தை பெயர் ஒரு புலத்தில் இருக்கின்றது. அதன் இடப்புறத்து முதலெழுத்தை எடுத்துத் தரும் 'லெஃப்ட்' என்னும் சார்பும் இருக்கின்றது. முதலெழுத்தைத் தட்டச்சுச் செய்யும் வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேன். அச்சாகி வந்த பட்டியலில் கோ. மீனாட்சி, க. மீனாட்சி ஆகியிருந்தாள். சீனிவாசனின் மகன் ச. ஆனான், முருகையாவின் மகன் ம. ஆனான்.

காரணத்தை ஆராய்ந்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. 'கோ' என்பது நமது கண்ணுக்கு ஓரெழுத்து. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துக்களை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். கணினியிலோ 1991ஆம் ஆண்டு முதல் யுனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையில், ககரம் ஒரு குறி, ஓகாரத்தைக் காட்டும் ஒட்டு வேறொரு குறி. இரண்டும் சேர்ந்தே கோ. முதலாவதை மட்டும் எடு என்றால் சார்பு ககரத்தை மட்டும் எடுக்கும். புள்ளியும் அங்கே ஒரு குறிதான். ஆகையால் நீளத்தைக் கூறும் சார்பிடம் மீனாட்சி என்னும் நாலெழுத்துச் சொல்லைக் கொடுத்தால் எட்டு என்னும். ஐந்தெழுத்துக் கோவிந்தன் ஒன்பதாவார். உயிரும் மெய்யும் கூடியே உயிர்மெய் பிறக்கின்றது என்று இலக்கண ஆசிரியர் சொன்னதைப் பொறியும் ஒருவகையில் ஒப்புக்கொள்கின்றது என்று நான் எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

ஆனால் விளைவு சிரிக்கத்தக்கது அன்று. நேயர்களே, தோட்டப்புறத்தில் பெயர்ப் பிழை என்பது சிறு பிழையாக ஒருபோதும் நின்றதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் வேறு பெயர், அடையாள அட்டையில் மற்றொரு பெயர் என்று அமைந்துவிட்டதனால், முப்பது ஆண்டுகள் உழைத்தபின் தமது ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் சத்தியக் கடதாசிகளுடன் அலைந்த முதியோரை நம்மிற் பலர் அறிவோம். பாடசாலை விடுகைப் பத்திரத்தில் நாம் இடும் ஓரெழுத்து அந்தப் பிள்ளையோடு அறுபது வயது வரை நடக்கும். ஆகையால் எங்கள் தரவுத்தளத்தில் முதலெழுத்துக்குத் தனிப் புலம் வைத்தோம். அதனைச் சார்பு நிரப்புவதில்லை. பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒருவர் நிரப்புகின்றார், மற்றொருவர் சரிபார்க்கின்றார். சொல்லின் முன்னும் பின்னும் தவறி விழுந்த வெற்றிடங்களை நீக்கும் 'டிரிம்' என்னும் சார்பை மட்டும் துணைக்கு அழைக்கின்றோம். அதுவும் அக்செஸில் பெயரின் நடுவே கிடக்கும் இரட்டை வெற்றிடத்தைத் தீண்டாது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, நானே குற்றவாளியான கதை. பதினைந்து வயது நிறைந்த மாணாக்கருக்குத் தேசிய அடையாள அட்டை பெற்றுக்கொடுப்பது அதிபரின் கடமைகளுள் ஒன்று. இப்போது வழங்கும் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்பெறும். அட்டைகள் வந்ததும், திகதியிலிருந்து ஆண்டின் நாளைக் கணிக்கும் சார்பைக்கொண்டு அவற்றைச் சரிபார்த்தேன். மார்ச் மாதத்துக்குப் பின் பிறந்தோர் அனைவருக்கும் ஒரு நாள் வேறுபட்டது! 2010 மார்ச் 1இல் பிறந்தவனுக்குச் சார்பு 60 என்றது. அட்டையோ 061 என்றது. அட்டைகளில்தான் பிழை என்று முறைப்பாட்டுக் கடிதம் ஒன்றையும் எழுதிவிட்டேன்.

நல்லவேளையாக அக்கடிதம் தபாலிற் சேருமுன்னரே விவரம் அறிந்த நண்பர் ஒருவர் தடுத்தார். அடையாள அட்டை எண்ணில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்றே கொள்வர். நெட்டாண்டாயினும் அல்லவாயினும் மார்ச் முதலாம் திகதி 61ஆம் நாளே. சார்பு பஞ்சாங்கத்தைப் பின்பற்றிற்று, அட்டை தன் விதியைப் பின்பற்றிற்று, இரண்டும் சரியே. இரண்டையும் ஒன்றென்று கருதிய நானே பிழைபட்டவன். கணினி காட்டும் வேறுபாட்டைக் கண்டதும் எதிர்ப்புறத்தாரைக் குறைகூற விரைதல் தகாது என்பதை அன்று கற்றேன்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றுக்கு வருகின்றேன். அதுதான் வெற்றுப் புலம்.

தரவுத்தளத்தில் ஒன்றும் எழுதப்படாத இடத்தை 'நல்' என்பர். அது பூச்சியம் அன்று. பூச்சியம் என்றால், எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்பது பொருள். நல் என்றால், நமக்குத் தெரியாது என்பது பொருள். நால்வர் பரீட்சை எழுதி 60, 40, 50, 70 புள்ளிகள் பெற்றனர். ஐந்தாம் பிள்ளை காய்ச்சலால் வரவில்லை. அதன் புலம் வெறுமையாக இருந்தால் சராசரிச் சார்பு அதனை விட்டுவிட்டு 55 என்னும். வெறுமைக்குப் பதிலாகப் பூச்சியம் இடும் 'என்-இசட்' என்னும் சார்பை இடையிற் புகுத்தினால், அதே வகுப்பின் சராசரி 44 ஆகும். எழுதிய பிள்ளைகளின் சராசரி எது என்பது ஒரு கேள்வி; வகுப்பு முழுவதின் சராசரி எது என்பது வேறு கேள்வி. எதனைக் கேட்கின்றோம் என்பதை நாமே தீர்மானித்தல் வேண்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பூச்சியம் வாங்கியவன் ஆக்குவது நியாயமா என்பதைப் பொறி சிந்திக்காது.

வயதுப் பட்டியலிலோ இவ்வெறுமை இதனினும் கொடிது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் சிலர் எங்கள் இடாப்பில் இருந்தனர். பிறந்த திகதிப் புலம் வெறுமை. ஐந்து வயது நிறைந்தோர் யார் என்று வினவினேன், அவர்கள் வரவில்லை. ஐந்து வயது நிறையாதோர் யார் என்று வினவினேன். அப்போதும் அவர்கள் வரவில்லை. தெரியாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் ஆம் என்றும் சொல்ல இயலாது, இல்லை என்றும் சொல்ல இயலாது. ஆதலின் வினவல் அவர்களைச் சத்தமின்றி ஒதுக்கிவிட்டது. இரண்டு பட்டியல்களையும் கூட்டிப் பார்த்து, மொத்தத் தொகையோடு ஒப்பிட்டபோதுதான் ஆறு பிள்ளைகள் குறைவதைக் கண்டேன். பிழைச் செய்தி ஒன்றும் திரையில் தோன்றவில்லை, மணியும் அடிக்கவில்லை. ஆறு பிள்ளைகள் இல்லாமற் போயிருந்தனர்.

சரித்திரம் கற்பித்தவனாகையால், அந்த இரவு வேறொரு கணக்கு என் நினைவுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் முன்னோரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் தொகை 975,000 எனக் கணிக்கப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர்? அவர்களைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. இரண்டு பட்டியலிலும் இல்லாதோர் அவர்கள். 1974இலே அவர்களையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எனினும், காகிதத்தில் தீர்ந்த கணக்கு லயங்களில் தீர்வதற்கு, 2003ஆம் ஆண்டின் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தக் காத்திருப்பில் வாழ்ந்து மறைந்தவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். ஒரு புலத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே செல்வது எவ்வளவு எளிது என்பதை எமது சமூகம் அறியும்.

ஆகையால் எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். எந்தப் பட்டியலை எடுத்தாலும் மூன்று வினவல்கள் செய்கின்றோம்: நிறைந்தோர் யார், நிறையாதோர் யார், திகதியே இல்லாதோர் யார். 'இஸ் நல்' என்று கேட்டால் மூன்றாம் பட்டியல் கிடைக்கும். மூன்றின் தொகையும் இடாப்பின் மொத்தத்தோடு பொருந்தினால் அன்றி எந்தப் பட்டியலும் காரியாலயத்தை விட்டு வெளியே போவதில்லை. பதிவுகளை எண்ணும்போதும் அவ்வாறே. புலத்தின் பெயரைச் சொல்லி எண்ணச் சொன்னால் சார்பு வெறுமையானவற்றைத் தள்ளிவிட்டு எண்ணும். நட்சத்திரக் குறியிட்டுக் கேட்டால் எல்லா வரிகளையும் எண்ணும். இரு விடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே நாம் தேடிச் செல்லவேண்டிய பிள்ளைகளின் தொகை.

இன்னும் இரண்டு வழக்கங்கள் உண்டு. புதிய சார்பு ஒன்றைப் பயன்படுத்துமுன், விடை நமக்கே நன்கு தெரிந்த ஐந்து பிள்ளைகளிடம் அதனைச் சோதித்துப் பார்க்கின்றோம். டிசம்பர் 31இல் பிறந்த ஒருவன், ஜனவரி 1இல் பிறந்த ஒருத்தி, பெப்ரவரி 29இல் பிறந்த ஒருவன், நெடில் எழுத்தில் தந்தை பெயர் தொடங்கும் ஒருத்தி, திகதி இல்லாத ஒருவன் ஆகிய இவ்வைவரும் சரியாக வந்தால் நானூறு பேரும் பெரும்பாலும் சரியாக வருவர். அடுத்தது, சார்பு தரும் விடையை மூலப் புலத்தின்மேல் எழுதுவதில்லை. பிறந்த திகதியைப் பதிந்து வைக்கின்றோம். வயதை வேண்டும்போது கணித்துக்கொள்கின்றோம். வயது ஆண்டுதோறும் மாறும். பிறந்த நாள் மாறாது.

அந்த ஆறு பிள்ளைகள் என்ன ஆயினர் என்று கேட்பீர்கள். மூன்றாம் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஆசிரியை ஒருவருடன் ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்கு நடந்தேன். இரண்டு பிள்ளைகளின் சான்றிதழ்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலேயே இருந்தன. ஒருவரும் கேட்காததால் கொடுக்கவில்லை. மூவருக்குப் பதிவாளரிடம் பிரதி எடுக்க முடிந்தது. ஒருத்திக்குப் பிறப்பே பதியப்படவில்லை. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பித்து, அவள் தாயாருடன் நானும் பிரதேச செயலகத்துக்குப் பலமுறை ஏறி இறங்கினேன். ஒரு மழைநாள் பிற்பகலில் சான்றிதழ் வந்தது. இலிகிதர் அவளது புலத்தில் திகதியைத் தட்டச்சுச் செய்தார். பிறகு மூன்றாம் வினவலை மறுபடியும் ஓட்டினோம். அட்டவணையின் தலைப்பு மட்டும் திரையில் வந்தது. அதன்கீழே ஒரு பெயரும் இல்லை.

நேயர்களே, உங்கள் காரியாலயக் கணினியிலும் அந்த மூன்றாவது கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று வேண்டி அமைகின்றேன்.